ஒரே இடத்துக்கு மட்டும் போகும் போன்

கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரமில்லாத நேரத்தில் படியுங்கள்.

போன வாரம் சென்னையில் மகன் வீட்டில் இருந்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியை அழைத்துக்கொண்டு பால் வாங்கக் கீழே இறங்கும்போது, இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கு அணைந்து, ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. பேத்தி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

மணிப் படம் போட்ட ஒரு பொத்தானும், பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டை போட்ட ஒரு தகடும் இருந்தன. பொத்தானை அழுத்தினேன். எங்கோ மணி அடிக்கும் சத்தம் அந்தத் தகடு வழியாகக் கேட்டது.

“தாத்தா, இதுல நம்பரே இல்லையே. யாருக்குப் போகும்?”

“கீழே வாட்ச்மேனுக்குப் போகும்மா. அவருக்கு மட்டும்தான் போகும்.”

“அவர் அங்க இல்லைன்னா?”

எனக்குப் பதில் வரவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி ஓய்ந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். மூன்றாம் முறை, “சார், பயப்படாதீங்க, மோட்டார் ரூம்ல இருந்தேன். இங்கதான் இருக்கேன், இப்ப எறக்கிடலாம்” என்று குரல் கேட்டது. லிஃப்ட் இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் அந்தக் குரல் வந்ததும் பேத்தி வேட்டியை விட்டுவிட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லிஃப்ட் பயம் இல்லை. “அவர் அங்க இல்லைன்னா?” என்ற கேள்விதான். அந்தக் கேள்விக்கு 2003லிருந்தே நான் பதில் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ரயில்வே கேட்கீப்பர். மதுரை – ராமேஸ்வரம் மீட்டர் கேஜ் பாதையில், மானாமதுரைப் பக்கம் ஒரு கேட். கரி எஞ்சின் காலம். கேட் ரூம் என்றால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். அதில் ஒரு ஸ்டூல், பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, கை விளக்கு, ஒரு மண்பானை, சுவரில் ஒரு போன்.

அந்தப் போனில் எண் சுழற்றும் தட்டு கிடையாது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி மட்டும் இருக்கும். அதை வேகமாகச் சுற்றினால் ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் மணி அடிக்கும். அவர் அங்கே சுற்றினால் இங்கே அடிக்கும். அந்தக் கம்பி வேறெங்கும் போகாது. மதுரைக்குப் பேச முடியாது, மாமா வீட்டுக்குப் பேச முடியாது. கேட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு, ஸ்டேஷனிலிருந்து கேட்டுக்கு. அவ்வளவுதான் அதன் உலகம்.

அதன் வேலை இதுதான். ஸ்டேஷனிலிருந்து ஒரு வண்டியை அனுப்புவதற்கு முன்னால் மாஸ்டர் கேட்டுக்குப் போன் போட்டு, இன்ன வண்டி வருகிறது, கேட்டை மூடு என்பார். அப்பா போய் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு வந்து, போனில் ஒரு எண் சொல்வார். இரண்டு இலக்க எண். அதற்குப் ‘பிரைவேட் நம்பர்’ என்று பெயர். வரிசையில்லாமல் எண்கள் அச்சடித்த ஒரு தாள் அப்பாவிடம் இருக்கும். அதில் அடுத்த எண்ணைச் சொல்லிவிட்டு அதை அடித்துவிட வேண்டும். மாஸ்டர் அதைத் தன் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார். அப்பாவும் தன் ரிஜிஸ்டரில் எழுதுவார்.

சிறுவனாக இருந்தபோது நான் கேட்டிருக்கிறேன். “கேட் மூடியாச்சுன்னு சொன்னாப் போதாதாப்பா? நம்பர் எதுக்கு?”

“மூடியாச்சுன்னு யாரு வேணாலும் வாயில சொல்லலாம்டா. தூக்கக் கலக்கத்துல சொல்லலாம். அவருக்குச் சரியாக் கேக்காம, கேட்டதா நெனைச்சுக்கலாம். நம்பர் குடுத்துட்டா அது எங்கையெழுத்து மாதிரி. அதை நம்பித்தான் அவரு வண்டிய விடுறாரு.”

நான் எட்டாவது படித்த வருடம், 1968. ஒரு மாலை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். போன் அடித்தது. மாஸ்டர் வண்டி சொன்னார். அப்பா கேட்டை மூடப் போனால், தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு வைக்கோல் வண்டி. சக்கரம் பள்ளத்தில் இறங்கி, மாடுகள் இழுத்தும் வரவில்லை. அப்பா அப்படியே திரும்பி ஓடி வந்து போனைச் சுற்றினார்.

“கேட் பேசுறேன் சார். பாரவண்டி மாட்டிக்கிச்சு. நம்பர் தர முடியாது.”

வண்டி ஏற்கனவே தாமதம் போல. அந்தப் பக்கம் மாஸ்டர் சத்தம் போடுவது எனக்கே கேட்டது. “ரெண்டு நிமிஷத்துல எடுத்துருவாங்கல்லப்பா, நம்பரச் சொல்லு!”

“எடுத்ததும் சொல்றேன் சார். எடுக்காம நம்பர் வராது.”

அதிர்ந்து பேசாத மனிதர் அப்பா. அன்றைக்கு மட்டும் அவர் குரலை நான் வேறு மாதிரிக் கேட்டேன். வயலில் இருந்த நாலு பேரைக் கூப்பிட்டு, வண்டியைத் தள்ளிவிட்டு, கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வந்து போனில் எண்ணைச் சொன்னார். பிறகுதான் ஸ்டேஷன் பக்கம் ஊதல் சத்தம் கேட்டது.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. டியூட்டிக்கு வந்ததும் அப்பா செய்யும் முதல் வேலை போனைச் சுற்றுவதுதான். “கேட் பேசுறேன் சார். டியூட்டிக்கு வந்துட்டேன். போன் நல்லாருக்கு.” பேச ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பேசுவார்.

வாத்தியார் புத்தி போகாது. இங்கே கொஞ்சம் பாடம் நடத்திக்கொள்கிறேன். முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்தியவன்.

அப்பாவின் போனுக்குள் ஒரு குட்டி டைனமோ இருந்தது. குதிரைலாடக் காந்தங்களுக்கு நடுவில் ஒரு கம்பிச்சுருள். கைப்பிடியைச் சுற்றினால் மாறுமின்னோட்டம் கிளம்பிப் போய் அந்த முனையில் மணியை அடிக்கும். பேசுவதற்கான மின்சாரம் தனி. அதற்குப் பெட்டிக்குள் உலர் மின்கலங்கள். அந்தக் கம்பி முனைகளை விரலில் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றச் சொன்னால் கை துள்ளும். நானும் தம்பியும் மாறி மாறிப் பிடித்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறோம். மின்காந்தத் தூண்டலை நான் முதலில் படித்தது அந்த விரல் நுனியில்தான்.

பின்னால் வந்த நேரடி போன்களில் சுற்றுகிற வேலையும் இல்லை. ரிசீவரை எடுத்தாலே போதும். சாதாரண லேண்ட்லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் கம்பியில் எப்போதும் காத்துக்கொண்டிருக்கும். ரிசீவர் தொட்டிலில் இருக்கும்வரை சுற்று திறந்திருக்கும். எடுத்ததும் சுற்று மூடும், மின்னோட்டம் ஓடும். ‘யாரோ எடுத்திருக்கிறார்கள்’ என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். உடனே டயல் டோன் கொடுத்து, எண்ணுக்காகக் காத்திருக்கும். ஹாட்லைன் என்றால் காத்திருக்காது. இந்தக் கம்பியில் ரிசீவரை எடுத்தால் இந்த எண்ணுக்குத்தான் அடிக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருப்பார்கள். அதுவே அடித்துவிடும். இன்னொரு வகையும் உண்டு. எடுத்ததும் சில நொடிகள் டயல் டோன் வரும். அதற்குள் வேறு எண்ணை அழுத்தினால் அங்கே போகும். ஒன்றும் அழுத்தாவிட்டால் எழுதி வைத்த எண்ணுக்குப் போகும். அதற்கு ‘வார்ம் லைன்’ என்று பெயர். ஹாட் கொஞ்சம் ஆறினால் வார்ம்தானே!

ஹாட்லைன் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது அமெரிக்க ஜனாதிபதி மேஜையில் இருக்கும் சிவப்பு போன். என் மாணவர்களும் அதைத்தான் சொல்வார்கள். அது சினிமாவில் வந்தது. நிஜத்தில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவில் போடப்பட்டது போனே அல்ல, டெலிபிரிண்டர். அவசரத்தில் வாய்ப்பேச்சு தப்பாகப் புரிந்துவிடலாம், மொழிபெயர்ப்பில் பிசகலாம் என்பதால் எழுத்தில் வைத்துக்கொண்டார்கள்.

அது வந்த கதை சுவையானது. 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி. உலகமே அணுகுண்டுப் போரின் விளிம்பில் நின்றது. ஆனால் இரண்டு தலைவர்களுக்கு இடையே ஒரு கடிதம் போய்ச் சேர மணிக்கணக்கில் ஆனது. அப்போது வாஷிங்டனில் சோவியத் தூதராக இருந்த டோப்ரினின் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தூதரகத்தின் அவசரச் சங்கேதத் தந்தியை வாங்கிப் போக, தந்திக் கம்பெனி ஆள் சைக்கிளில்தான் வருவாராம். வழியில் யாரோடும் பேச்சுக் கொடுக்காமல் நேராகப் போய்ச் சேர வேண்டுமே என்று இவர்கள் வேண்டிக்கொள்வார்களாம். உலகத்தின் தலையெழுத்து ஒரு சைக்கிள் கேரியரில்!

அடுத்த வருடம், 1963 ஜூன் 20 அன்று ஜெனீவாவில் ஒப்பந்தம். ஆகஸ்ட் 30 அன்று லைன் வேலை செய்யத் தொடங்கியது. லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியாக மாஸ்கோவுக்குக் கேபிள்.

இதில் எனக்குப் பிடித்தது இதுதான். அந்த லைனை மணிக்கொரு முறை சோதித்துப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் அமெரிக்கர் முறை, அடுத்த மணி நேரம் ரஷ்யர் முறை. அரசியல் பேசக் கூடாது என்பதால் இலக்கியத்திலிருந்தும் கலைக்களஞ்சியத்திலிருந்தும் பத்திகளை அடித்து அனுப்புவார்கள். அப்பா டியூட்டிக்கு வந்ததும் “போன் நல்லாருக்கு சார்” என்பாரே, அதேதான். பேச ஒன்றும் இல்லாத நாளிலும் பேசி வைத்தால்தான் பேச வேண்டிய நாளில் லைன் இருக்கும்.

அத்தனை ஏற்பாடு இருந்தும், 1967 ஜூனில் அரபு – இஸ்ரேல் போரின்போது மாஸ்கோவிலிருந்து உண்மையான நெருக்கடிச் செய்தி வந்தபோது, அது வந்து விழுந்த இயந்திரம் இருந்தது ராணுவத் தலைமையகமான பென்டகனில். ஜனாதிபதி இருந்ததோ வெள்ளை மாளிகையில். பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவுக்குச் சொல்லி, அதன் பிறகு அவசர அவசரமாக வெள்ளை மாளிகைக்கு இணைப்புக் கொடுத்தார்கள். லைன் போடுவது ஒன்று. அந்த முனையில் உரிய ஆள் இருப்பது இன்னொன்று.

நமக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலும் 1971 போருக்குப் பிறகு ஒரு ஹாட்லைன் உண்டு. இரு நாட்டு ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர்கள் பேசிக்கொள்வது. வாரம் ஒரு முறை, செவ்வாய்க்கிழமை, சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதிகாரிகள் பேசுவது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. 2025 மே 10 அன்று, நான்கு நாள் மோதலுக்குப் பிறகு, பிற்பகல் 3.35க்கு அந்தப் பக்கத்துத் தலைமை இயக்குநர் நம்மவரை அழைத்துப் பேசினார். மாலை 5 மணியிலிருந்து தாக்குதலை நிறுத்துவது என்று முடிவானது. எல்லையோரம் எத்தனை தாய்மார் அன்றிரவு தூங்கியிருப்பார்கள்! அந்த அழைப்பை எடுக்க இந்த முனையில் ஓர் ஆள் இருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

இனி என் கதை.

அப்பா ஓய்வு பெற்று, ஊரிலேயே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு, 1999ல் காலமானார். அம்மா தனியாக இருந்தார். நான் மதுரையில் பள்ளிக்கூடத்தில். “என்னோட வந்துரும்மா” என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். “வண்டிச் சத்தம் கேக்காம எனக்குத் தூக்கம் வராதுப்பா” என்று சொல்லிவிட்டார். சர்க்கரை வியாதி அம்மாவின் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. 2001ல் ஆள் அசைவது மட்டும்தான் தெரியும். எழுத்தும் எண்ணும் தெரியாது.

வீட்டுக்கு லேண்ட்லைன் போட்டிருந்தேன். ஆனால் பொத்தானைப் பார்த்து அழுத்த அம்மாவால் முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து போட்டுக் கொடுத்தால்தான் உண்டு. ஒரு நாள் லைன்மேன் தம்பிதான் சொன்னார். “சார், ஹாட்லைன்னு ஒரு வசதி இருக்கு. எழுதிக் குடுங்க. ஆத்தா ரிசீவர எடுத்தாப் போதும், அஞ்சாறு செகண்டுல உங்க வீட்டுல அடிக்கும்.”

டெலிபோன் ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். அது கிடைத்த அன்று சாயங்காலம் என் வீட்டில் போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். பிறகு அம்மாவின் குரல்.

“கேட்டு பேசுறேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. “சொல்லுங்க, ஸ்டேஷன்தான்” என்றேன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. “கேட்டு பேசுறேன். போன் நல்லாருக்கு.” வெண்டைக்காய் வாங்கியது, ஆட்டுக்குட்டி செடியைக் கடித்தது, ராமேஸ்வரம் வண்டி இன்றைக்குத் தாமதமாகப் போனது. எல்லாம் சொல்வார். சனிக்கிழமை வருகிறேன் என்று நான் சொன்னால் லேசில் விடமாட்டார்.

“நம்பர் குடு.”

“நாப்பத்தேழும்மா.”

“சரி, நாப்பத்தேழு.”

கண் தெரியாதே தவிர ஞாபகம் கூர்மை. வராமல் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை போன் வரும். “நாப்பத்தேழு குடுத்தியேப்பா, கேட்டு மூடிக் கெடக்கு, வண்டியக் காணோம்” என்பார். அப்பாவோடு முப்பது வருடத்துக்கு மேல் கேட் பக்கத்தில் குடியிருந்தவர். அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும்.

2003 பிப்ரவரி. பிளஸ் டூ திருப்புதல் தேர்வு முடிந்து, விடைத்தாள் கட்டுகள் வீட்டில் குவிந்து கிடந்தன. மறுநாள் மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். மனைவி உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். காலையில் அம்மா பேசும்போது, “சாயங்காலம் இருப்பியாப்பா?” என்று கேட்டார். “இருப்பேம்மா” என்றேன். “நம்பர்?” என்றார். அறுபத்திரண்டு என்றேன்.

மாலை நாலு மணிக்குத் திருத்த உட்கார்ந்தால் போன் ஓயவில்லை. பெற்றோர்கள். என் பையனுக்கு எவ்வளவு சார், என் பெண் பாஸா சார். ஐந்தாறு அழைப்புக்கு மேல் எனக்குப் பொறுமை போய்விட்டது. ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு துண்டையும் போட்டு மூடிவிட்டேன். பிறகு என்ன, வேலை நிம்மதியாக ஓடியது. எட்டரை மணிக்கு ஞாபகம் வந்து ரிசீவரைத் திரும்ப வைத்தேன். வைத்த சிறிது நேரத்தில் அடித்தது.

பக்கத்து வீட்டு அக்கா. “தம்பி, எங்க போனீக? ஆத்தா விழுந்து கெடந்தாக. இப்பத்தான் நான் சாப்பாடு கொண்டாந்து பாத்தேன்.”

ஐந்து மணி சுமாருக்குக் கொல்லைப்புறம் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு. எழுந்திருக்க முடியவில்லை. தவழ்ந்து தவழ்ந்து போன் இருந்த இடத்துக்கு வந்து, வயரைப் பிடித்து இழுத்து, ரிசீவரைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தால் போதும் என்றுதானே சொல்லி வைத்திருந்தேன். எடுத்தார். ‘டொய்ங் டொய்ங்’ என்று என்கேஜ்டு சத்தம். வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடி அதே. எட்டு மணிவரை எத்தனை முறை எடுத்தாரோ தெரியாது. எண் தெரிந்திருந்தால், கண் தெரிந்திருந்தால், வேறு யாருக்காவது போட்டிருக்கலாம். அந்தப் போன் என்னிடம் மட்டும்தான் வரும். நான்தான் அப்படிச் செய்து வைத்திருந்தேன்.

இரவோடு இரவாகக் கார் வைத்து ஓடினேன். மதுரைக்குக் கொண்டு வந்து ஆபரேஷன் செய்தோம். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா என்னைக் கேட்டார். கோபமாக இல்லை. சும்மா, தெரிந்துகொள்வதற்காக.

“லைன் கெடைக்கலையேப்பா. என்னாச்சு?”

நான் சொன்ன பதில்: “லைன்ல பழுதும்மா. நேத்துச் சாயங்காலம் எங்க பக்கம் கேபிள் கோளாறு.”

ஐம்பது வயதை நெருங்கிய ஒரு வாத்தியார், காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன் மாதிரிக் கூசாமல் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அதான பாத்தேன். நம்பர் குடுத்துருந்தியே” என்றார்.

அதற்குப் பிறகு அம்மா நாலு வருடம் இருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஊருக்கே திரும்பிப் போனார். ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்தேன். காலையும் மாலையும் “கேட்டு பேசுறேன்” வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒன்று. அந்த நாளுக்குப் பிறகு அம்மா என்னிடம் நம்பர் கேட்கவில்லை. நான் வருகிறேன் என்று சொன்னால் “சரிப்பா” என்பார். அவ்வளவுதான். வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

2007ல் அம்மா காரியத்துக்கு அந்த லைன்மேன் தம்பி வந்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார். “ஆத்தா விழுந்தாகல்ல சார், அவுக ஊருக்கு வந்ததும் என்னைக் கூப்புட்டு விட்டாக. அன்னைக்கு லைன் பழுதாமே, பாருப்பான்னாக. நான் எக்ஸ்சேஞ்சுல விசாரிச்சேன். ரெண்டு பக்கமும் கேபிள் நல்லாத்தான் இருந்துருக்கு. உங்க வீட்டு ரிசீவர் சரியா வைக்காம இருந்துருக்கும் ஆத்தான்னேன். சரி, இத அவங்கிட்ட கேட்டுக்காதன்னுட்டாக.”

நான் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

எல்லாம் தெரிந்திருந்தும் நாலு வருடம் தினமும் இரண்டு வேளை “போன் நல்லாருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நம்பரை மட்டும் கேட்கவில்லை. இனி என் வாயிலிருந்து ஒரு பொய் நம்பர் வர வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. அப்பா, மாஸ்டர் சத்தம் போட்டும் கேட்டை மூடாமல் நம்பர் தராதவர். நான், கேட்டைத் திறந்து போட்டுக்கொண்டே நம்பர் கொடுத்தவன்.

நேரடி லைன் என்றால் என்ன என்று இப்போது யாராவது கேட்டால், 48 வோல்ட்டைப் பற்றி நான் பேச மாட்டேன். ஒரு முனையில் இருப்பவருக்கு வேறு வழியே இல்லை என்று செய்துவிடுகிறோம். எண் தேடும் சிரமத்தை எடுத்துவிடுகிறோம். கூடவே வேறு ஆளைத் தேடும் வாய்ப்பையும் எடுத்துவிடுகிறோம். அதனால் பொறுப்பு முழுக்க இந்த முனைக்கு வந்துவிடுகிறது. அந்தக் கம்பியை இழுப்பதற்கு முன்னால் அதை யோசித்துக்கொள்ள வேண்டும். நான் வசதியை மட்டும் யோசித்தேன்.

சென்னையிலிருந்து கிளம்பும் அன்று மகன் என் செல்போனை வாங்கி ஏதோ செய்துகொண்டிருந்தான். லிஃப்ட் விஷயம் அவனைப் பயமுறுத்தியிருக்கிறது. “அப்பா, இந்தப் பக்கத்துப் பட்டனை விடாம அஞ்சு தடவை அமுக்குங்க. எனக்கு மெசேஜ் வரும், நீங்க எங்க இருக்கீங்கன்னும் வந்துரும். நம்பர் எதுவும் தேட வேண்டாம்” என்றான்.

இந்த முறை கேட் முனையில் நான்.

“சரிடா. நம்பர் குடு” என்றேன்.

“என் நம்பர்தான் உங்ககிட்ட இருக்கேப்பா?”

உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பாட்டி விழுந்த கதை தெரியும். ரிசீவர் மேல் போட்ட துண்டு தெரியாது. கேட்டுவிட்டு வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. ரயிலேற்றிவிடும்போது ஜன்னலோரம் வந்து மெதுவாகச் சொன்னான்.

“எழுபத்தொண்ணு.”

டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்களில் பலரும் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறீர்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பா செல்போனில் உங்கள் பெயர் ஒன்றாம் எண்ணில் இருக்கும். அவர்களுக்கு அழுத்தத் தெரிந்த ஒரே பொத்தான் அதுதான். மீட்டிங் இருக்கும், வேலை இருக்கும், எனக்கும் இருந்தது. போனை அணைத்து வைப்பதற்கு முன்னால், அந்தப் பக்கம் வேறு யாருக்காவது லைன் இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பேச ஒன்றும் இல்லாத நாளிலும் பேசுங்கள். போன் நல்லாருக்கா என்றாவது கேளுங்கள்.